ஓர்லாண்டோ டைம்ஷேர்: கட்டணத்தை நிறுத்தினால் என்ன ஆகும்?

வணக்கம் உறவுகளே. நாங்கள் ரொறன்ரோவில் வசிக்கும் கனடாக் குடிமக்கள். 2014 இல் பிள்ளைகளோடு டிஸ்னி பார்க்க அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஓர்லாண்டோ போன இடத்தில், இலவசக் காலை உணவு, மலிவு டிக்கெட் என்று ஆசைகாட்டி நான்கு மணி நேரம் விற்பனைப் பேச்சில் உட்கார வைத்தார்கள். எழுந்து வந்தபோது ஆண்டுக்கு ஒரு வாரம் விடுதியில் தங்கும் பங்குரிமை, அதாவது டைம்ஷேர், எங்கள் பெயரில் இருந்தது. 10 நாள்களுக்குள் எழுத்தில் அறிவித்தால் ரத்துச் செய்யலாம் என்கிறது புளோரிடாச் சட்டம். அது எங்களுக்குத் தெரியவந்தபோது பதினொரு மாதம் கழிந்திருந்தது!

அதை வாங்க எடுத்த கடனை அடைத்துவிட்டோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. அதையும் அமெரிக்க டாலரில் அழ வேண்டும். சும்மா தருகிறோம் என்றாலும் வாங்க ஆளில்லை.

இனிக் கட்டாமல் விடலாமா என்று யோசிக்கிறோம். புளோரிடாவில் கட்டணம் கட்டாதவரின் டைம்ஷேரை நீதிமன்றம் போகாமலே நிறுவனம் ஏலம் விட வழி உண்டு. உரிமையாளர் ஆட்சேபிக்காவிட்டால் அந்த வழியில் மீதிப் பாக்கியைக் கேட்க முடியாது என்று படித்தேன். ஏலம் போனால் போகட்டும், நிம்மதி. என் பயம் வேறு. வசூல் நிறுவனம் கனடாவில் எங்கள் கடன் மதிப்பெண்ணைக் கெடுக்குமா? அடுத்த ஆண்டு வீட்டுக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க எல்லையில் மறிப்பார்கள் என்கிறாள் மனைவி. குடிவரவுக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறேன் நான்.

கனடாவிலிருந்தபடி உண்மையிலேயே நிறுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு விடுவித்துத் தருகிறோம் என்பவர்களைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். ஒருவரிடம் ஏற்கெனவே ஏமாந்தாயிற்று.