தீபாவளி கழித்து ஆள் எடுப்பீங்களா மாமா? (2025 தீபாவளிக்கு முன், குடும்பக் குழு அரட்டையில்)

கவிதா: மணி மாமா, பக்கத்து வீட்டு அக்கா பையன் பி.காம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். தீபாவளி கழித்து உங்கள் டீ-சர்ட் தைக்கிற யூனிட்டில் இடம் இருக்குமா?

மணி மாமா: டெய்லர் என்றால் இன்றைக்கே அனுப்பு அம்மிணி. ஆபீஸ் வேலைக்கு வேண்டாம், இருக்கிறவங்களுக்கே சம்பளம் ஏற்றாமல் ஓட்டிக்கிட்டிருக்கேன். போனஸ் வேறு கொடுக்கணும்

செந்தில்: திருப்பூரில் ஆர்டரே இல்லை என்று டிவியில் சொல்றாங்க, டெய்லர் எதுக்கு?

மணி மாமா: அது அமெரிக்காவுக்கு அனுப்புறவங்க கதைடா. நம்முது உள்நாட்டு டீ-சர்ட். என்கிட்ட தைக்கிற பீகார் பசங்க பாதிப் பேர் ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. தீபாவளி, சத் பூஜை, அப்புறம் நவம்பர் 6, 11 அவங்க ஊர்த் தேர்தலில் ஓட்டு, எல்லாம் முடித்துத் திரும்பி வர மாதம் பாதி போயிடும், அதுவரை பவர் டேபிள் தையல் மிஷினில் யாரை உட்கார வைக்கிறது?

சித்தப்பா: ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற எனக்கு நேர் எதிர். ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா நம்ம சரக்குக்குப் போடுற வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து, அங்கே வாங்குற பையர் கம்பெனிக்காரரிடம் தள்ளுபடி கேட்கிறான், அவர் என்னிடம் பீஸுக்கு ஒரு ரூபாய் குறை என்கிறார். நான் யாரிடம் போய்க் குறைக்க? ஆளை நிறுத்தலை, ஒன்றரை ஷிப்ட் ஓடினது ஒரு ஷிப்ட் ஆச்சு. கூலியைக் குறைக்கலை என்று சொல்லிக்கலாம், ஆனால் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்து எண்ணுறப்போ அவங்களுக்குத் தெரியாதா

மணி மாமா: நின்றுபோன அந்த ஏற்றுமதிச் சரக்கெல்லாம் நம்ம காதர்பேட்டை துணிச் சந்தைக்கு வந்தால் என் விலையும் படுத்துடும்

கவிதா: பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துட்டாங்களே, நூல் இறங்கலையா?

மணி மாமா: அந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரைக்கும்தான் எடுத்திருக்காங்க. பஞ்சு கப்பலில் வந்து மில்லில் ஓடி நூலாகிறதுக்குள்ள பொங்கல் வந்துடும். மில்காரர் மாதம் பிறந்தால் ஒரு விலை சொல்வார், நானோ முன்னாடியே ஒத்துக்கிட்ட ரேட்டில்தான் சரக்குக் கொடுக்கணும். 2022 மே மாதம் நூல் விலைக்காக ஊரே ஸ்ட்ரைக் பண்ணினது மறந்து போச்சா?

செந்தில்: ஜிஎஸ்டி குறைஞ்சுதே மாமா, 2500 ரூபாய் வரை விற்கிற துணிக்கு 5 சதவீதம்தானே

மணி மாமா: 1000 ரூபாய்க்கு மேல் விற்கிற சட்டைக்கு அது லாபம். என் 120 ரூபாய் டீ-சர்ட்டுக்கு முன்னாடியும் 5, இப்பவும் 5

சித்தப்பா: வரியை விடுங்க, செய்த வேலைக்குப் பணம் வரட்டும். சின்ன யூனிட்டுக்குக் கம்பெனிக்காரர் 45 நாளில் பணம் தரலைன்னா அந்த வருஷம் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து சட்டம். இதைக் கம்பெனிக்காரரிடம் சொல்லச் சொல்றார் என் ஆடிட்டர். சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிடும்

பெரியம்மா: என்னை யாரும் டெய்லராகக் கூப்பிடலையே 😀

மணி மாமா: வாங்க அண்ணி, ஓவர்லாக் மிஷின் ஒன்று காலியாத்தான் கிடக்குது

கவிதா: சரி, பையனுக்கு என்ன சொல்ல?

மணி மாமா: முதலில் கைமடியா, அதாவது டெய்லருக்கு உதவியாளா நிற்கட்டும், மிஷின் ஓட்டக் கற்றுக்கிட்டால் சம்பளம் தானா ஏறும். சம்மதம்னா திங்கட்கிழமை எட்டரைக்கு வரச் சொல்

கவிதா: அவங்கம்மா ஒத்துக்கணும். கேட்டுச் சொல்றேன்