ஊருணிக்குப் புள்ளி வரி: படிக்கு முன்னால் வரத்துக்கால்

அனைவருக்கும் வணக்கம்.

ஊருணிக்குச் சுற்றுச்சுவரும் கருங்கல் படியும் கட்டப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, 15,000 ரூபாய் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. தர மாட்டேன் என்று சொல்லவில்லை. கார்த்திகையில் ஊருக்குப் போனபோது பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல மழை பெய்து நாலு நாள் ஆகியும் ஊருணியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வரத்து மடை வாயில் கை விட்டுப் பார்த்தேன், புழுதி ஒட்டியது. ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டு வரும் கால்வாயான வரத்துக்காலோடு நடந்தேன். கிட்டங்கி வீட்டுத் தோப்பு தாண்டினால் சீமைக்கருவேலம் முகத்தில் கீறுகிறது. அப்புறம் புது மனைப்பிரிவுக்குப் போட்ட கிராவல் பாதை கால்வாயை அப்படியே மூடிக் கிடக்கிறது, ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் முழங்கால் ஆழத்துக்குச் செந்தண்ணீர் தேங்கி, வேறு திசையில் வழிகிறது.

நம் ஊருணிக்குத் தண்ணீர் வரும் தேனாற்றைப் பற்றி மெல்போர்ன் அயித்தான் "அது வெறும் ஓடைதானே" என்று எழுதியிருந்தார். தேனாறு காட்டாறுதான், அயித்தான். வடகிழக்குப் பருவமழைக்கு ஓடும், மற்ற நாளில் மணல். வைகையைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்ததல்ல. விருசுழியாறும் அப்படித்தான். ஓடுகிற சில நாள் தண்ணீரைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கி, நிறைந்தபின் கலுங்கு என்ற வடிகால் வழியே வழிந்ததை அடுத்த கண்மாய்க்கும் ஊருணிக்கும் திருப்பியதால்தான் இந்த வறண்ட செட்டிநாட்டுச் சீமையில் ஊர்கள் நின்றன. நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'கேரளசிங்க வளநாட்டுத் தேனாற்றுப்போக்கு' என்று வரும். ஆறு போகிற வழியே நாட்டுப் பிரிவுக்குப் பெயர்!

ஊருணித் தண்ணீரில்தான் பருப்பு மலர்ந்து வேகும், கிணற்றுத் தண்ணீரில் விறைத்து நிற்கும் என்று அப்பத்தா குடத்தோடு போவார். எங்கள் ஆத்தாவுக்குக் கடைசிவரை அந்தத் தண்ணீர்தான்.

பொருளாளர் சித்தப்பா வருத்தப்படக்கூடாது. போன முறை தூர்வாரப் பிரித்த பணத்துக்கு இன்னும் கணக்கு வரவில்லை. இரண்டு முறை கேட்டும் எனக்குப் பதில் இல்லை. மண் எங்கே போனது என்றாவது சொல்லுங்கள்.

நில அளவைப் புலப்படம் வாங்கி வந்திருக்கிறேன், கால்வாய் அதில் தெளிவாக இருக்கிறது. ஊரில் இருக்கும் பங்காளிகள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால், அளந்து கல் ஊன்றச் சொல்லி வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். என் 15,000-ஐ 'வரத்துக்கால்' என்று குறித்தே அனுப்புகிறேன். அதைப் படிக்குத் திருப்ப வேண்டாம்.