டிஸ்க் பிரேக் ஹைபிரிட் சைக்கிளுக்கு முன் கேரியர்: போட்டிருப்பது ஆடுகிறது, எதை வாங்குவது?

சந்தைப்பை கேட்டது:

அலுமினிய ஃப்ரேம், அலுமினிய ரிஜிட் ஃபோர்க் (ஸ்பிரிங் இல்லாத முன்கவை) உள்ள ஹைபிரிட். டயர் 700×38. முன்னும் பின்னும் டிஸ்க். பின் கேரியரில் குழந்தை சீட் இருப்பதால் சந்தைக் காய்கறி எல்லாம் முன்னால்தான் வர வேண்டும். வழக்கமாக ஏழெட்டு கிலோ, மாதம் ஒருமுறை 10 கிலோ அரிசிப் பை. இப்போது மாட்டியிருப்பது அலுமினிய கேரியர்: மேலே ஹேண்டில்பாரில் இரண்டு கிளாம்ப், கீழே அச்சுக்குப் பக்கத்து மட்கார்டு ஓட்டைகளில் இரண்டு கால். தொல்லை மூன்று. கேரியரின் இடது கால் பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இடிக்கிறது. போல்ட்கள் தானாகத் தளர்கின்றன. சுமையோடு 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹேண்டில் நடுங்குகிறது. வேறு கேரியர் வாங்கத் தயார். எதைப் பார்த்து வாங்குவது?

நெம்புகோல்:

வேறு கேரியர் வரும்வரை இதில் எதையும் ஏற்றாதீர்கள். குழந்தை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நிச்சயமாக வேண்டாம்.

போல்ட் தளர்வது நீங்கள் சரியாக முறுக்காததால் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் கால்கள் பின்பக்கமாக வளைகின்றன, காலிப்பர் தாங்கும் இடது காலுக்கு வேலை கூடுதல். உங்கள் கேரியர் ஒரு முனையில் அச்சருகையும் மறுமுனையில் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு அந்த வளைவை மறிக்கிறது. ஒவ்வொரு பிரேக்கிலும் போல்ட் ஒரு இழுப்பு வாங்குகிறது. முதலில் தளரும்; அப்படியே ஓட்டினால் அலுமினியக் காலின் துளையோரத்தில் விரிசல் விழும். மேல்பிடி விட்டுப்போனால் கேரியர் கீழ்ப் போல்ட்டில் சுழன்று முன்னால் கவிழும், சக்கரத்துக்கு முன்னாலேயே விழும். முன்சக்கரம் அந்த நொடியில் நின்றுவிடும். பின் கேரியர் கழன்றால் சத்தம் கேட்கும், இறங்கிப் பார்க்கலாம். முன் கேரியரில் அந்த அவகாசம் கிடைக்காது.

வாங்குவதற்கு முன் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஃபோர்க்கில் முன் கேரியர் மாட்டலாமா, எத்தனை கிலோ வரை என்று கையேட்டில் இருக்கிறதா, ஃபோர்க் கிரௌனில் (இரு கால்களும் மேலே சேரும் இடம்) ஓட்டை முன்னிருந்து பின்வரை முழுதாகப் போகிறதா, காலின் நடுவில் திருகு ஓட்டை உண்டா, சக்கரம் க்விக் ரிலீஸா (நெம்பைத் திருப்பிக் கழற்றுவது), த்ரூ ஆக்சிலா (தடித்த அச்சை நுழைத்து இறுக்குவது), காலிப்பர் எத்தனை மி.மீ. வெளியே நீட்டி நிற்கிறது. தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலில் ஹெட் ஆங்கிளும் (ஸ்டியரிங் கழுத்தின் சாய்வு) ஃபோர்க் ஆஃப்செட்டும் (அந்தச் சாய்வுக் கோட்டிலிருந்து அச்சு முன்தள்ளி நிற்கும் தூரம்) எவ்வளவு. கேரியர் பெட்டியில் 15 கிலோ என்று போட்டிருப்பது கேரியர் தாங்கும் எடை. ஃபோர்க் தாங்கும் எடை வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

பல்சக்கரம்:

நடுக்கத்துக்கு இரண்டு சோதனை. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்செட்டில் (ஸ்டியரிங் கழுத்து பேரிங்) டக்டக் என்று ஆட்டம் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து கேரியரின் முன்விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் நடுக்கத்தின் பெரும்பங்கு அங்கேதான். சுமை ஃபோர்க்கோடு ஒன்றாகத் திரும்பாமல் கொஞ்சம் பிந்தித் திரும்புகிறது, அந்தப் பிந்தல்தான் கைக்கு நடுக்கமாக வருகிறது.

ஹேண்டில்பார் கிளாம்ப் வகையில் இன்னொரு கெடுதல், சுமை மிக உயரத்தில் நிற்கிறது. கிளிக்ஃபிக்ஸ் போன்ற தரமான ஹேண்டில்பார் அடாப்டருக்கே 7 கிலோதான் வரம்பு. அதுவும் பை மாட்டத்தான், அரிசி மூட்டைக்கு இல்லை.

மலைப்பாதை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது சஸ்பென்ஷன் ஃபோர்க், 15×100 த்ரூ ஆக்சில். எனக்கும் இதே பதில்தானா?

நெம்புகோல்:

இல்லை. உங்கள் ஃபோர்க்கில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்குள் ஒன்று நகரும். மேலே கிரௌனிலும் கீழே அச்சிலும் சேர்த்துப் பிடிக்கும் எந்தக் கேரியரும் ஆகாது. முழுக்க முழுக்கக் கீழ்க்கால்களில் நிற்பதாக இருக்க வேண்டும். ஓல்ட் மேன் மவுண்டன் நிறுவனத்தின் கேரியர்கள் அவர்களுடைய நீண்ட ஆக்சிலிலேயே சுமையைத் தாங்கி, மேலே கீழ்க்காலைச் சுற்றிய பட்டையால் நிலைநிறுத்துகின்றன. சுமை ஸ்பிரிங்குக்குக் கீழே வருவதால் ஒவ்வொரு பள்ளமும் நேரடியாகச் சாமானில் இறங்கும். முட்டை, கண்ணாடிச் சாமான் வேண்டாம். கார்பன் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தயாரிப்பாளரே திருகு ஓட்டை வைத்து எடையும் குறிப்பிட்டிருந்தால் மட்டும் மாட்டுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது.

சந்தைப்பை:

பார்த்துவிட்டேன். கையேட்டில் முன் கேரியர் பற்றி ஒரு வரியும் இல்லை. கிரௌன் ஓட்டை முழுதாகப் போகிறது, 6 மி.மீ. போல்ட் நுழைகிறது. கீழே எம்5 (5 மி.மீ. போல்ட்) ஓட்டை பக்கத்துக்கு ஒன்று. நடுக்காலில் எதுவும் இல்லை. க்விக் ரிலீஸ். காலிப்பர் 12 மி.மீ. வெளியே நிற்கிறது. ஹெட் ஆங்கிள் 71 டிகிரி, ஆஃப்செட் 45 மி.மீ. ஹெட்செட்டில் ஆட்டம் இல்லை, ஆனால் கேரியர் தள்ளினால் நன்றாகவே நகர்கிறது. ஃபோர்க் காலில் ரப்பர் வைத்த பி-கிளிப் (காலைச் சுற்றிக் கவ்வும் பட்டை) போட்டு லோரைடர் (சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகப் பை தொங்கும் கேரியர்) மாட்டிக்கொள்ளலாமா? அல்லது டச்சு சைக்கிள் மாதிரி ஃப்ரேமில் பிடிக்கும் கேரியர்?

பல்சக்கரம்:

உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டால் டிரெயில் (ஸ்டியரிங் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம்) சுமார் 73 மி.மீ. வருகிறது (சக்கர ஆரம் 349 என்று எடுத்தேன்). ஹேண்டிலைத் திருப்பும்போது சக்கரம் தானாக மேலும் சாயப் பார்க்கும் அளவு, அதாவது வீல் ஃப்ளாப், 22 மி.மீ. பாரிஸில் செய்தித்தாள் கட்டு சுமந்த போர்த்தர் வகைச் சைக்கிள்கள் முன்சுமையை நினைத்தே செய்யப்பட்டவை. அந்த வழியில் வரும் 73 டிகிரி, 65 மி.மீ. ஆஃப்செட் ஃபோர்க்கை இதே சக்கரத்தோடு கணக்கிட்டால் டிரெயில் 39, ஃப்ளாப் 11 மி.மீ. பாதிதான். உங்கள் சைக்கிளில் உயரமான முன்சுமை வைத்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கும். எந்தக் கேரியர் வாங்கினாலும் இது முழுக்கப் போகாது. சுமையை இறக்கி, அச்சுக்கு நேர் மேலே, ஸ்டியரிங் கழுத்தை ஒட்டி வைத்தால் குறையும்.

ஃப்ரேமில் பிடிப்பது இந்தத் தொல்லைக்கு நல்ல மருந்து, ஏனென்றால் சுமை ஹேண்டிலோடு திரும்பாது. பிராம்ப்டன் மடக்கு சைக்கிளில் ஹெட் டியூபில் (ஸ்டியரிங் நுழையும் ஃப்ரேம் குழாய்) இருக்கும் பிளாக் அப்படித்தான், 10 கிலோ வரை. ஆனால் அதற்கு ஹெட் டியூபில் திருகு ஓட்டைகள் வேண்டும், அல்லது கிளாம்ப் பிடிக்க உருண்டையான ஸ்டீல் குழாய் வேண்டும். உங்கள் அலுமினிய ஃப்ரேமில் ஹெட் டியூப் கீழே அகன்று போகும். கிளாம்ப் வழுக்கும், இறுக்கினால் குழாய்க்குக் கேடு.

நெம்புகோல்:

பி-கிளிப்பும் வேண்டாம். உங்கள் ஃபோர்க் கால் முட்டை வடிவில், கீழே போகப்போக மெலியும். கிளிப் மெல்லிய பக்கம் நோக்கி நழுவும். இடது பக்கம் பிரேக் ஹோஸும் அதனடியில் மாட்டும். டூபுஸ் தாரா போன்ற நல்ல லோரைடர் 15 கிலோ தாங்கும் என்பது நடுக்காலில் சரியான திருகு ஓட்டை உள்ள ஃபோர்க்கில்தான்.

உங்களுக்குச் சரிவருவது சின்ன பிளாட்ஃபார்ம் கேரியர்: மேலே கிரௌன் ஓட்டைக்கு ஒரு நாக்கு, கீழே எம்5 ஓட்டைகளுக்கு இரண்டு கால். மூன்று பிடியும் ஃபோர்க்கிலேயே இருப்பதால் ஹேண்டில்பார் இழுப்பு ஒழிந்தது. ஸ்டீல் குழாயில் செய்ததாகப் பாருங்கள். நாக்கு தனித் தகடாகத் திருகியிருப்பதைவிடக் கேரியரோடு வெல்ட் ஆனது நல்லது. மேடை சுமார் 30×20 செ.மீ. போதும். பெரிய மேடை வாங்கினால் பெரிய சுமை ஏறும்.

எடை வரம்பு எழுதாத அலுமினிய ஃபோர்க்கில் 5 கிலோவுக்கு மேல் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. குழந்தை பின்னால் இருக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், அப்போது முன்னால் மூன்று நான்கு கிலோ இருப்பது உண்மையில் நல்லதே. அரிசியைக் குழந்தை இல்லாத நாளில் சீட்டைக் கழற்றிப் பின்னால் கொண்டுவாருங்கள்.

மாட்டும்போது இடது பக்கம் காலிப்பர் 12 மி.மீ. நிற்கிறது, அதனால் 15 மி.மீ. ஸ்பேசர். வலப்பக்கமும் அதே ஸ்பேசர் போட்டால்தான் கேரியர் நடுவில் நிற்கும். கால் தகடு 5, ஸ்பேசர் 15, வாஷர் 1, ஃபோர்க்கின் காது (திருகு ஓட்டை உள்ள பகுதி) 8 என்றால் கூட்டி 29. எம்5×30 போல்ட் சரி. உங்கள் காதின் தடிமனை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் குறைந்தது 8 மி.மீ. திருகு பிடிக்க வேண்டும். போல்ட் நுனி உள்ளே நீட்டி ரோட்டரை, அதாவது பிரேக் டிஸ்க்கை, தொடக் கூடாது, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். அந்தப் பக்கம் உள்ளே நட் போடவே கூடாது. 15 மி.மீ.யைத் தாண்டி ஸ்பேசர் தேவைப்பட்டால் போல்ட் வளையத் தொடங்கும்; அதற்குப் பதில் டிஸ்குக்காகவே கால் வெளியே வளைத்த கேரியர் வாங்குங்கள். மட்கார்டு கம்பியும் அதே ஓட்டையில் வருமானால் கேரியர் கால் உள்ளே, மட்கார்டு கம்பி வெளியே.

எல்லாப் போல்ட்டையும் கையால் மாட்டி, மேடையை மட்டம் பார்த்து, டயருக்கும் கேரியருக்கும் 15 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். கீழே நீலநிற திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), 5 நியூட்டன் மீட்டர். கிரௌனில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது). துளையும் காலும் நேருக்கு நேர் வரவில்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். தகட்டை வளைத்துச் சரிசெய்யுங்கள்.

வெல்டிங்பொறி:

கடையில் கிடைக்காவிட்டால் பட்டறையில் செய்யலாம். 10 மி.மீ. கட்டிக் கம்பி மீட்டருக்கு 617 கிராம். இந்த அளவு கேரியருக்கு மூன்றரை மீட்டர் போகும், இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். 12 மி.மீ. குழாய், 1.2 சுவர் தடிமன் என்றால் மீட்டருக்கு 320 கிராம், மொத்தம் ஒரு கிலோ சொச்சம். கால் முனையை நசுக்கித் துளை போடும்போது நசுக்கிய இடம் திடீரென்று மடியாமல் சரிவாக வர வேண்டும், அந்த மடிப்பில்தான் பின்னால் முறியும். துளை 5.5 மி.மீ., ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி. வெல்டரிடம் சைக்கிளை எடுத்துப்போனால் அளவெடுக்க மட்டும். ஃபோர்க்கில் துளையிடவோ பற்றவைக்கவோ விடாதீர்கள்.

சந்தைப்பை:

ரொம்ப நன்றி. ஏழெட்டு கிலோவை நிரந்தரமாக முன்னால் வைக்க வேண்டுமென்றால் ஸ்டீல் ஃபோர்க் மாற்றுவது ஒரு வழியா?

நெம்புகோல்:

ஆமாம், நடுக்கால் திருகு ஓட்டையும் எடை வரம்பும் உள்ள ஸ்டீல் ஃபோர்க் என்றால் லோரைடரே போடலாம். நான்கு பொருத்தம் பாருங்கள். ஸ்டியரர் குழாய் (ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் ஏறுவது) நேரானதா, கீழே அகன்றதா, நீளம் எவ்வளவு. காலிப்பர் மவுண்ட் எந்த வகை. உங்கள் ஹப் க்விக் ரிலீஸ் என்பதால் ஃபோர்க்கும் அதற்கே. கடைசியாக, அச்சிலிருந்து கிரௌன் வரை உயரம்: பழையதைவிட 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு டிகிரி படுத்துவிடும், டிரெயில் இன்னும் ஏறும், ஃப்ளாப்பும் கூடும். ஆஃப்செட் 50க்கு மேல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லோரைடரில் இருபுறப் பைகளுக்கும் எடை சமமாக வர வேண்டும், அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

பல்சக்கரம்:

எதை மாட்டினாலும் முதல் 50 கி.மீ. ஓடியதும் போல்ட்களை ஒருமுறை சோதியுங்கள். இறுக்கியபின் தலையிலிருந்து தகடுவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் தளர்ந்தது பார்த்ததும் தெரியும். ஹெட்லைட்டை ஹேண்டிலிலிருந்து கேரியரின் முன்விளிம்புக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பை மறைக்கும். சுமையைப் பழைய டியூப் ரப்பராலோ கொக்கி எலாஸ்டிக்காலோ கட்டாதீர்கள்: இழுபடுவதால் பை ஆடும், நடுக்கம் திரும்ப வரும். கொக்கி ஒன்று விட்டுப்போனால் நேராக முன்சக்கர ஸ்போக்குக்குள் போகும். பக்கிள் வைத்த நாடா இரண்டு, மேடையில் குறுக்காக, மீதி நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.