பெயர் தெரியாத பழைய மலை சைக்கிள்: எந்தக் காலத்துப் பாகம் சரியான பாகம்?

துருவும் நானும் (கேள்வி)

வணக்கம். எனக்குத் தெரிந்த வேலை எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சர் ஒட்டுவேன், பிரேக் ஒயர் மாற்றுவேன், செயினைக் கழற்றி மாட்டுவேன். அதற்கு மேல் போனதில்லை.

என் தாய்மாமா இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரணில் போட்டு வைத்திருந்த மலை சைக்கிளை, "எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும்" என்று கொடுத்துவிட்டார். எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்று கேட்டால் "நல்ல சைக்கிள்" என்பதோடு சரி. காந்தம் ஒட்டுகிறது, ஆகவே எஃகுச் சட்டம். விரலால் சுண்டினால் குழாய் மெல்லியதாக ஒலிக்கிறது. முழுவதும் கறுப்பு வண்ணம், அதுவும் தூரிகையால் அடித்தது. ஒரு ஸ்டிக்கர்கூட மிச்சமில்லை.

கிராங்க் (மிதி பூட்டும் கை), இரண்டு ஹப்கள் (சக்கரங்களின் நடு உருளை), காண்டிலீவர் பிரேக்குகள் எல்லாவற்றிலும் ஷிமானோ நிறுவனத்தின் டியோர் எக்ஸ்டி என்று எழுதியிருக்கிறது. ஹேண்டில்பாருக்கு மேலே உட்காரும் கட்டைவிரல் ஷிஃப்டர்கள். பின்னால் ஏழு பற்சக்கரங்கள். முன்னால் உள்ள பெரிய பற்சக்கரம் வட்டமாகவே இல்லை. எங்கோ மோதி நசுங்கியிருக்கிறது என்று நினைத்துச் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன். நடுப் பற்சக்கரமும் அதேபோல் நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

பின் கியர் மாற்றி மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாகத் தெரிகிறது. முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் இருக்கிறது. அழுத்தினால் அசையவில்லை. உள்ளே இருந்த ரப்பர் உருளைகள் கூழாகி வழிந்திருக்கின்றன.

கேட்க வேண்டியவை மூன்று. இது எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்துக்கே உரிய பாகங்களோடு மட்டும் இதை மீட்க ஆசைப்படுகிறேன். ஃபோர்க்கையும் கியர் மாற்றியையும் தூக்கிவிட வேண்டுமா? மூன்றாவது, சீட் போஸ்ட் சட்டத்தோடு ஒன்றிப்போய்விட்டது. இரண்டு பேர் திருப்பிப் பார்த்தோம். சீட்தான் திரும்பியது.

ஐந்தாம் ஸ்பானர்

முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். அந்தப் பற்சக்கரங்கள் நசுங்கவில்லை, பிறந்ததே அப்படித்தான். பயோபேஸ் என்று பெயர். 1980-களில் ஷிமானோ கொண்டுவந்தது. இன்றைய நீள்வட்டப் பற்சக்கரங்களுக்கு நேர்மாறான கணக்கு அதில்: கிராங்க் படுக்கையாக இருக்கும்போது, அதாவது கால் வலுவாக மிதிக்கும் நேரத்தில், சக்கரத்தின் குறுகிய பக்கம் வேலை செய்யும். மாட்டும்போது கோணம் தவறினால் கால் தள்ளாடும். பெரிய சக்கரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய முளை கிராங்க் கைக்குப் பின்னால் வர வேண்டும்.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சட்டத்தைப் பார்க்காதீர்கள், பாகங்களின் முதுகைப் பாருங்கள். கிராங்கின் உட்புறம், கியர் மாற்றியின் பின்பக்கம், பிரேக் கையின் பின்பக்கம் ஆகிய இடங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து ஆண்டு. ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே போய் இசட் என்றால் 2001. இரண்டாவது எழுத்து மாதம். ஏ ஜனவரி, எல் டிசம்பர். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்து ஆழமாக இருக்காது.

துருவும் நானும்

பார்த்துவிட்டேன்! கிராங்க் "என்ஜி". முன் ஹப் "என்ஹெச்". பிரேக் நெம்பு "என்எஃப்". பின் கியர் மாற்றி மட்டும் "எஸ்சி".

ஐந்தாம் ஸ்பானர்

அப்படியென்றால் 1989 ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்றும் அடுத்தடுத்த மாதங்கள் என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் தொழிற்சாலைக்குப் போயிருக்கின்றன என்று நம்பலாம். அந்த ஆண்டின் பிற்பாதியில் பூட்டிய சைக்கிள், கடைக்கு வந்தது 1990 மாடலாக. ஏழு பற்சக்கரமும் கட்டைவிரல் ஷிஃப்டரும் அதற்குப் பொருந்துகின்றன. கியர் மாற்றி 1994 மார்ச். அது பின்னால் வந்து சேர்ந்தது.

என் கருத்தைக் கேட்டால், அதைக் கழற்றி 1989 எழுத்துள்ள ஒன்றைத் தேடி மாட்டுங்கள். காலத்துக்கு உரியது என்று சொல்லிவிட்டு ஐந்து ஆண்டு தள்ளி நிற்கும் பாகத்தை வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. ஃபோர்க்கும் அப்படியே. ராக்‌ஷாக்ஸின் முதல் ஸ்பிரிங் ஃபோர்க்கே 1989-ல்தான் வந்தது. உங்களிடம் இருப்பது அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது.

பட்டறை மூலை

நீங்கள் இருவரும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருங்கள், நான் சீட் போஸ்டுக்கு வருகிறேன். அது வராவிட்டால் மற்ற எதையும் செய்து பயனில்லை.

அலுமினியத் தண்டு, எஃகுக் குழாய், இடையில் வியர்வையும் மழைநீரும். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்த தூள் மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதுதான் உள்ளே ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிட்டது. வலிமையால் வராது, பொறுமையால் வரும்.

சீட் பிடி போல்ட்டை முழுவதும் கழற்றுங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி அச்சை (கிராங்குகளைத் தாங்கும் அச்சு) கழற்றிவிட்டு, அந்த வழியாக ஊடுருவும் எண்ணெயை சீட் குழாய்க்குள் விடுங்கள். எல்லோரும் மேலிருந்து மட்டும் விடுவார்கள், இரண்டு சொட்டு வாயிலேயே நின்றுவிடும். கீழிருந்து விட்டால் தண்டின் முழு நீளத்துக்கும் இறங்கும். தினமும் காலையும் மாலையும் ஒரு வாரம் விடுங்கள்.

அடுத்தது குளிர். குழாயைச் சூடாக்கு என்று பலர் சொல்வார்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டும் சேர்ந்து சூடானால் பிடி இன்னும் இறுகும். அதனால் தண்டைக் குளிர வையுங்கள், அது எஃகைவிட அதிகம் சுருங்கும். குளிர்விக்கும் ஸ்பிரே இருந்தால் தண்டின் உள்ளே அடியுங்கள். பிறகு சீட்டைக் கழற்றிவிட்டு, தண்டின் தலையை மேசையில் பூட்டிய வைஸில் இறுக்கி, சட்டத்தையே நெம்புகோலாக வைத்துத் திருப்புங்கள். இழுக்காதீர்கள், திருப்புங்கள். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். முதலில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம் வரும். சட்டம் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதுதான் விடுதலை.

காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது இங்கே எழுதுவார்கள். எஃகை விட்டுவிட்டு அலுமினியத்தைத் தின்னும் என்பது உண்மை. கண்ணையும் தோலையும் வண்ணத்தையும்கூடத் தின்னும், ஹைட்ரஜன் வாயு வரும். புதிதாக வேலை பழகுபவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடி அச்சைக் கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். செயின் பக்கத்துக் கப்புக்கு மரை இடக்கை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை மறந்து மணிக்கணக்கில் இறுக்கியவன் நான்.

மூன்று வீசம்

ஃபோர்க் பற்றி. ஐந்தாம் ஸ்பானர் சொன்ன முடிவு சரி, காரணம் வேறு. உங்கள் சட்டம் ஸ்பிரிங் இல்லாத நேர் ஃபோர்க்குக்காக வரைந்தது. அந்தக் கால நேர் ஃபோர்க்கில் சக்கர அச்சிலிருந்து கிரீடம் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் இடம்) வரை சுமார் 39 முதல் 40 சென்டிமீட்டர். ஸ்பிரிங் ஃபோர்க் அதைவிட உயரம். முன்பக்கம் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் தலைக் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி படுத்துவிடும், ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். இவ்வளவு நாள் ஓட்டவில்லை என்பதால் உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

வாங்கும் முன் தலைக்குழாய் அளவைப் பார்க்க வேண்டும். 1990-ஐ ஒட்டி மூன்று அளவுகள் ஒரே நேரத்தில் புழங்கின: ஒரு அங்குலம், ஒன்றே அரைக்கால், மலை சைக்கிள் முன்னோடி கேரி ஃபிஷர் முன்னெடுத்த ஒன்றேகால். ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பாகம்) தண்டின் விட்டத்தை அளந்தால் போதும். 22.2 மில்லிமீட்டர் என்றால் ஒரு அங்குலம், 25.4 என்றால் ஒன்றே அரைக்கால், 28.6 என்றால் ஒன்றேகால். மரையுள்ள ஃபோர்க் என்பதால் கழுத்தின் (தலைக்குழாய்க்குள் போகும் பகுதி) நீளமும் உங்கள் தலைக்குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் வெட்டலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. ஸ்பிரிங் ஃபோர்க்கில் முன் பிரேக் ஒயரின் உறை ஃபோர்க்கின் வளைவிலேயே வந்து நிற்கும். நேர் ஃபோர்க்குக்கு மாறினால் அந்த இடம் போய்விடும். ஹெட்செட்டில் (தலைக்குழாயில் ஃபோர்க் சுழல உதவும் குண்டுக் கப்புகள்) மாட்டும் தாங்கி வேண்டும், அல்லது ஒயர் போகத் துளையோ சிறு உருளையோ உள்ள அந்தக் கால ஸ்டெம் வேண்டும். உங்கள் ஸ்டெம்மில் அப்படி ஒரு துளை இருக்கிறதா?

கியர் மாற்றி விஷயத்தில் நான் ஐந்தாம் ஸ்பானரோடு சேரமாட்டேன். ஷிமானோவின் அந்தக் கால மலை சைக்கிள் கியர் மாற்றிகளில் ஏழுக்கும் எட்டுக்கும் ஒயர் இழுக்கும் கணக்கு ஒன்றுதான். 1994-ல் செய்தது உங்கள் ஏழு வேக ஷிஃப்டரோடு சொடுக்குக்குச் சொடுக்கு பொருந்தும். நன்றாக வேலை செய்வதை எழுத்துக்காகக் கழற்றுவதா? ரீபேக் (மறுபடி அடைத்தல்) என்ற பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். 1976-ல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே பைன் மலையில் இறங்கியவர்கள் பழைய ஷ்வின் நிறுவனச் சட்டங்களில் ஓடினார்கள். பின் ஹப்பின் மிதி பிரேக்கில் கிரீஸ் எரிந்து புகையாகப் போகும், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. அதே ஆட்கள் பிறகு டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் நெம்பும் கியரும் தேடி மாட்டிக்கொண்டார்கள். மலை சைக்கிள் ஒட்டுப்போட்டே பிறந்த வண்டி.

ஐந்தாம் ஸ்பானர்

ஒட்டுப்போட்டதைச் செய்தவர்கள் அதை மீட்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. என் வாதம் அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் விடுங்கள்.

டயரைப் பற்றி யாருமே பேசவில்லை. சக்கரம் 26 அங்குலம், ரிம் அளவு 559, டயருக்குப் பஞ்சமில்லை. 1990-களின் தொடக்கத்தில் பலர் ஓட்டியது பானரேசர் ஜோடி: முன்னால் டார்ட், பின்னால் ஸ்மோக், பழுப்புப் பக்கச்சுவர். அந்த வடிவத்தைப் பின்னாளில் மறுபடியும் தயாரித்தார்கள். அதை வாங்குங்கள். முப்பது வயதான அசல் டயர் கிடைத்தால் சுவரில் மாட்டுங்கள், ரிம்மில் வேண்டாம். பிரேக் கட்டை, ஒயர், உறை ஆகியவற்றுக்கும் இதே விதி. இந்த நான்கில் மட்டும் நானே காலத்தைப் பார்ப்பதில்லை.

துருவும் நானும்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சீட் போஸ்ட் ஒன்பதாம் நாள் கழன்றது. பட்டறை மூலை சொன்ன அதே சத்தம். எதிர் அறையில் இருந்த அம்மா ஓடிவந்தார். தண்டின் மேல் 26.8 என்று அச்சாகியிருக்கிறது. உள்ளே வெள்ளைத் தூள் ஒரு கைப்பிடி.

ஹப்களைப் பிரித்தேன். முன்னால் பக்கத்துக்குப் பத்து குண்டு, 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். கிரீஸ் மெழுகாகியிருந்தது, ஆனால் கோன்களில் (குண்டுகள் உருளும் கூம்புகள்) குழி இல்லை. முதல் முறை பின் ஹப்பை மூடியபோது தரையில் ஒரு குண்டு மிச்சம் இருந்தது. மறுபடியும் பிரித்தேன்.

செய்தி என்று சொல்லத்தக்கது ஹெட்செட்டைக் கழற்றியபோது கிடைத்தது. கப்புக்கு அடியில், தூரிகை போகாத இடத்தில், மயில் கழுத்து நிறம்! அடி அச்சுக் கூட்டுக்குள்ளும் அதே நிறத் தெறிப்பு. மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆமாம், பளபளவென்று இருக்கும். அதனால்தான் கறுப்பு அடித்தேன், திருடன் கண்ணில் படக்கூடாது என்று" என்றார். ஸ்டிக்கரையும் அவரே சுரண்டியிருக்கிறார். நிறுவனத்தின் பெயர் இப்போதும் நினைவுக்கு வரவில்லை.

கியர் மாற்றியைப் பற்றியும் கேட்டேன். 1994-ல் ஒரு கல் இறக்கத்தில் அசல் மாற்றி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் புகுந்துவிட்டதாம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்திருக்கிறார். மூன்று மாதம் காசு சேர்த்து இதை வாங்கினாராம். அதனால் "எஸ்சி" இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் ஸ்பானர் மன்னிக்க வேண்டும். ஃபோர்க்கில் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டேன்: ஒன்றே அரைக்கால் அங்குல நேர் ஃபோர்க் கிடைத்தது, கழுத்து 6 மில்லிமீட்டர் நீளம், வெட்டிவிட்டேன். ஸ்டெம்மில் துளை இருக்கிறது.

ஐந்தாம் ஸ்பானர்

மயில் கழுத்தை வெளியே கொண்டுவராமல் விட்டால்தான் மன்னிக்கமாட்டேன். கறுப்புக்கு அடியில் அசல் வண்ணம் முழுதாகவே இருக்கலாம். மெல்லிய உப்புத்தாளும் நீரும் வைத்து, செயின் பக்கத்துக் கீழ்க்குழாயில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் தேய்த்துப் பாருங்கள். எஃகு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

துருவும் நானும்

அந்த இடத்தில் கறுப்புக்குள் தூரிகையின் முடி ஒன்று சிக்கி அப்படியே காய்ந்திருக்கிறது. வேறு பக்கத்தில் தேய்த்துப் பார்க்கிறேன்.

நாளை புதுப் பிரேக் கட்டைகள் வருகின்றன. வைத்துப் பூட்டும்போது முன்முனையைச் சற்று உட்புறம் சாய்க்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு?

பட்டறை மூலை

முன்முனை தொடும்போது பின்முனையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கெட்டியான அட்டைத் துண்டு ஒன்றைப் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையில் வைத்து, நெம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்குங்கள். கீச்சென்று கத்தினால் அட்டையை மடித்து வைத்து மறுபடியும் இறுக்குங்கள்.