இடுப்பு வலி 10 மி.மீ. குறைந்தால் அது பலனா? கைரோபிராக்டிக் ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

பிசியோமாணவி
வணக்கம். 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் சிகிச்சை (கையாளுகை) பற்றியது. கைரோபிராக்டர்கள் முக்கியமாகச் செய்வது இதைத்தான். வலி தொடர்பாக 15 ஆய்வுகள், 1,711 பேர். ஆறு வாரத்துக்குள், நோயாளி தன் வலியின் அளவைக் குறித்துக்காட்டும் 100 மி.மீ. வலிக்கோட்டில் சராசரியாக 9.95 மி.மீ. குறைகிறது என்கிறார்கள். இந்த அளவு நோயாளிக்குத் தெரியுமா? நெட்டி முறிகிற சத்தம் வந்தால்தான் பலன் என்பது சரியா? கழுத்துக்குச் செய்தால் பக்கவாதம் வரும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் எவ்வளவு?

கணக்குப்புள்ளி
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு நோயாளி “குறைந்திருக்கிறது” என்று உணர 15 மி.மீ. அளவு வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதை வைத்து 9.95ஐத் தள்ளிவிடக் கூடாது. அது இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒருவருக்கு 30 குறைந்திருக்கலாம், அடுத்தவருக்கு ஒன்றுமே குறைந்திருக்காது.

எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். புது இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் சிகிச்சைக்கு வருவார், அதனால் எதைச் செய்தாலும் குறைந்தது போலவே தெரியும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை இதனால்தான் நம்ப முடியாது. அடுத்தது பாசாங்கு சிகிச்சை. மாத்திரைக்குப் போலி செய்வது எளிது, கைக்குப் போலி செய்வது கடினம். செய்கிறவருக்கு உண்மை தெரியும், படுத்திருப்பவரும் பாதி ஊகித்துவிடுவார். 2018இல் அமெரிக்கப் படையினர் 750 பேரிடம் நடந்த ஆய்வில் வழக்கமான மருத்துவத்தோடு கைரோபிராக்டிக் சேர்ந்த குழு நன்றாகத் தேறியது. ஆனால் அந்தக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்த நேரத்தையும் கவனிப்பையும் சிகிச்சையிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

எனக்குப் பிடித்தது 2004இல் பிரிட்டனில் 1,334 பேரிடம் நடந்த பீம் ஆய்வு. முதுகுவலி அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும், 24 மதிப்பெண் கொண்ட ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாளில், குடும்ப மருத்துவர் கவனிப்பை விட மூன்று மாதத்தில் உடற்பயிற்சிக்கு 1.4, கையாளுகைக்கு 1.6, இரண்டும் சேர்ந்தால் 1.9 முன்னேற்றம். ஓராண்டில் கையாளுகைக்கு 1.0, இரண்டும் சேர்ந்தால் 1.3. பலன் உண்டு, ஆனால் சிறியது. நாள்பட்ட வலியிலும் இதே கதைதான்: 2019இல் 47 ஆய்வுகளை, 9,211 பேரைத் தொகுத்தபோது, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்குச் சமமாகவே வந்தது.

முதுகுத்தண்டு
நெட்டிக்கும் பலனுக்கும் தொடர்பில்லை. மூட்டுப் பரப்புகள் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் விழுந்து, மூட்டு நீரில் வாயுக் குழி உண்டாகிறது. 2015இல் விரல் மூட்டை இழுத்துக்கொண்டே எம்.ஆர்.ஐ. எடுத்து, குழி உருவாகும் நொடியில்தான் சத்தம் வருகிறது என்று காட்டினார்கள். அதே மூட்டில் மறுபடி நெட்டி விழச் சுமார் 20 நிமிடம் ஆகும். முதுகில் சத்தம் வருவது குறிவைத்த மூட்டிலிருந்துதான் என்றும் இல்லை, சில செ.மீ. தள்ளியும் வரும். சத்தம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப, கூடுதல் விசையோடு தள்ளுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

“எலும்பு விலகியிருக்கிறது, உள்ளே தள்ளிவிட்டேன்” என்று நோயாளியிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். விலகிய எலும்பு அப்படி உட்கார்ந்ததாகப் படத்தில் யாரும் காட்டியதில்லை. வலியே இல்லாதவர்களை எடுத்தாலும் 20 வயதில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர் குனியவே பயந்து, வலியை நீட்டித்துக்கொள்வார்.

பீம் ஆய்வில் 12 வாரத்தில் எட்டு அமர்வுகள்தான். நாலைந்து அமர்வில் மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதியுங்கள். முதல் நாள் வரும் தசை வலி பெரும்பாலும் 24 மணி நேரத்தில் போய்விடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நரம்பியல்வாசகர்
கழுத்துக்கு வருகிறேன். 2012இல் 272 பேரிடம் நடந்த ஆய்வில் கையாளுகை மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. ஆனால் வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. கற்றுக்கொடுக்க ஒரு மணி நேர அமர்வுகள் இரண்டு போதுமாக இருந்தது. தாடையை உள்ளிழுத்தல், குனிதல், நிமிர்தல், பக்கவாட்டில் சாய்த்தல், திருப்புதல், தோள்பட்டைகளைப் பின்னே கூட்டுதல் என எல்லாமே எடையில்லாமல், ஒவ்வொன்றும் 5 முதல் 10 முறை, நாளுக்கு 6 முதல் 8 தடவை வரை.

ஒன்ராறியோவில் 2008இல் வெளியான ஆய்வு 818 பக்கவாத நோயாளிகளைப் பார்த்தது. 45 வயதுக்குக் கீழானவர்களில் பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போனவர்கள் அதிகம், குடும்ப மருத்துவரிடம் போனவர்களும் அதேபோல அதிகம். பக்கவாதத்துக்குக் காரணமான கழுத்துத் தமனிச் சுவர் முன்பே கிழிந்து, அந்த வலிக்காகத்தான் இருவரிடமும் போயிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அது கட்டணப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, ஆகவே ஆபத்தே இல்லை என்று அதிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது. அரிதானது, ஆனால் வந்தால் மீளாதது. பயிற்சியே சம பலன் தரும்போது கழுத்தை வேகமாகத் திருப்புவதை முதல் தேர்வாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிதிருத்தும் கடையில் சடக்கென்று கழுத்தைத் திருப்பிவிடுவதையும் நோயாளிகளிடம் கட்டாயம் கேளுங்கள். இதுவரை அனுபவித்திராத ஒருபக்கக் கழுத்துவலி, தலைவலி, கிறுகிறுப்பு, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், தள்ளாட்டம் எது இருந்தாலும் கழுத்தில் கை வைக்காமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பிசியோமாணவி
நன்றி. காலுக்கு வலி இறங்கி, மரத்தும் போயிருந்தால்?

முதுகுத்தண்டு
முதலில் கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், குதிகாலில் நடக்க விடுங்கள். பலவீனம் நாளுக்கு நாள் கூடினால் கையாளுகை கூடாது. இரு தொடை நடுவே மரப்பு, சிறுநீர் அடைப்பு, மலம் அடக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே எம்.ஆர்.ஐ.