டிஎன்ஏ டுவீசர் எப்படி தானா மூடித் திறக்குது?

கவின்_பயோடெக்: எம்எஸ்சி முதல் வருஷம் படிக்கிறேங்க, செமினாருக்கு டிஎன்ஏ டுவீசர் (டிஎன்ஏ இழைகளாலயே செஞ்ச, மூடித் திறக்குற நானோ சைஸ் இடுக்கி) எடுத்திருக்கேன், 2000-ல பெல் லேப்ஸ்ல யுர்க், டர்பர்ஃபீல்ட் எல்லாம் சேர்ந்து பண்ணது. செல்லுக்குள்ள அசைவு தர்ற மோட்டார் புரோட்டீன் இல்ல, செல்லுக்கு எனர்ஜி குடுக்குற ஏடிபி மூலக்கூறும் இல்ல, அப்புறம் எங்கருந்து எனர்ஜி வருது? யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

நிலா: நல்ல டாபிக் தம்பி. மொத்தம் மூணே இழைதான். ஏ-ங்கிற இழையோட ரெண்டு பாதியிலயும் பி, சி-ங்கிற இழைகள் ஆளுக்கு 18 பேஸ் (டிஎன்ஏ இழையோட ஒவ்வொரு எழுத்து, ஜோடி எழுத்தோட மட்டும் ஒட்டும்) அளவுக்கு ஒட்டிக்கும், அதுதான் ரெண்டு கை, நடுவுல ஜோடி சேராம விட்ட 4 பேஸ்தான் கீல். பி, சி முனையில மிச்சம் 24, 24 பேஸ் சும்மா தொங்கிட்டு இருக்கும். இப்ப 56 பேஸ் உள்ள, ஃபியூயல்னு (எரிபொருள்) சொல்ற இன்னொரு டிஎன்ஏ இழைய ஊத்தினா அது ரெண்டு முனையையும் புடிச்சு இழுத்து மூடிடும், ஆனா அதுல 8 பேஸ் மட்டும் ஒட்டாம வெளிய நீட்டிட்டு இருக்கும் பாருங்க, மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு. ஃபியூயலுக்கு முழு ஜோடியான இன்னொரு இழைய ஊத்தினா அது முதல்ல அந்த எட்டைத்தான் புடிக்கும், அங்கருந்து ஜிப்பு மாதிரி ஒவ்வொரு பேஸா ஏறி ஃபியூயல உருவிட்டுப் போயிடும், டுவீசர் திறந்துடும். எனர்ஜி எல்லாம் பேஸ் ஜோடி சேர்றதுலருந்து வர்றதுதான்.

கவின்_பயோடெக்: சூப்பர்ங்க அக்கா! ஆனா திறந்துச்சா மூடுச்சான்னு எப்படிப் பாத்தாங்க?

நிலா: ஏ இழையோட ரெண்டு முனையிலயும் முனைக்கு ஒண்ணா ரெண்டு டை (ஒளிரும் சாயம்) இருக்கு. மூடினா ரெண்டும் கிட்ட வந்து வெளிச்சம் மங்கும், திறந்தா கூடும். ஒரு தடவை மாற சுமார் 13 செகண்ட்.

சேகர்: நிலா மேடம் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஃபியூயலும் அதோட ஜோடியும் சேந்த டபுள் ஹெலிக்ஸ் கழிவா தங்கிடும், அது குழாய்க்குள்ளயே சேந்துக்கிட்டே போகும். அளவும் சரியா இருக்கணும், ஃபியூயல் கொஞ்சம் அதிகமா ஊத்திட்டா அடுத்து ஊத்துற ஜோடி இழை மிச்சமா மிதக்குற ஃபியூயல்லயே போய் ஒட்டிக்கும், டுவீசர் பக்கமே வராது. வேகமும் பத்தாது. அதனாலதான் 2018-ல ம்யூனிக்ல சிம்மல் குரூப் (அவர் அந்த 2000 பேப்பர்லயும் இருந்தவர்) 55 நானோமீட்டர் டிஎன்ஏ தட்டு மேல ஒரு கைய வெச்சு அத மின்புலத்தாலயே திருப்பினாங்க, டிஎன்ஏல நெகட்டிவ் சார்ஜ் இருக்குல்ல, அது போதும், மில்லிசெகண்ட்ல திரும்புது. செமினார்ல கண்டிப்பா டுவீசரையும் இந்தக் கையையும் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, கேள்வி அங்கருந்துதான் வரும்.