கீழவீடு குரூப்: அப்பத்தா கேட்ட படம்

செல்வி அக்கா: சதாபிஷேகத்துக்கு முந்தின ராத்திரி மாடியில படம் போடணும்னு அப்பத்தா கேக்குறாங்க. பழைய சிவாஜி படம், 'பா'ல ஆரம்பிக்குமாம்

கார்த்தி: பாலும் பழமும்?

விஜயா அத்தை: பாசமலர்டா

ரவி சித்தப்பா: 1961-ல மட்டும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூணுமே பீம்சிங் எடுத்து சிவாஜி நடிச்சது. அதான் குழப்பம். அம்மா கேக்குறது அண்ணன் தங்கச்சி கதை. சாவித்திரி தங்கச்சி, ஜெமினி மாப்பிள்ளை

பெரியம்மா: கடைசில ரெண்டு பேரும் செத்துப்போவாங்களே. நல்ல காரியத்துக்கு முதல் நாளா?

கார்த்தி: பாட்டு மட்டும்? வாராய் என் தோழி

செல்வி அக்கா: சுசீலா 😍

ரவி சித்தப்பா: எல்.ஆர்.ஈஸ்வரி. சுசீலா பாடுனது மயங்குகிறாள் ஒரு மாது.
கார்த்தி, படம் 4:3 அளவு. புரொஜெக்டர் 16:9-ல இருந்தா சாவித்திரி முகம் பூசணிக்காய் ஆயிடும், மெனுல மாத்திடு. 8 அடி அகலம், 6 அடி உயரம் வர்ற மாதிரி தள்ளி வை. வெள்ளை டபுள் பெட்ஷீட் போதும். ரெண்டு வேட்டியைச் சேத்துத் தைக்காதீங்க, தையல் முகத்துக்குக் குறுக்க விழும். கீழ் விளிம்புல கம்பு கோத்துக் கட்டணும், இல்லேன்னா காத்துல ஆடும். ஸ்பீக்கர் ஒண்ணு போதும், துணிக்கு அடியில நடுவுல. பாஸ் கூட்டாதே, ஆரூர்தாஸ் வசனம் அமுங்கிடும். மாடில வைஃபை எட்டாது, முன்னாடியே இறக்கி வச்சுக்கோ

பெரியம்மா: இட்லிக்கு எத்தனை பேரு

செல்வி அக்கா: 30

பெரியம்மா: அப்ப ரெண்டரை கிலோ அரிசி, 600 உளுந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அரைக்கணும். கிரைண்டர் யாரு தர்றா

விஜயா அத்தை: கோபால் மாமா வர்றாரா?

செல்வி அக்கா: பத்திரிகை போயிடுச்சு

விஜயா அத்தை: தபால்லயா?

விஜயா அத்தை: பொறந்த வீட்டுப் புடவை அவர் கையால வரணும். தட்டு, வெத்தலை பாக்கோட நேர்ல போய் வைக்கணும்

பெரியம்மா: கிணத்துப் பேச்சு இன்னும் முடியலையே

ரவி சித்தப்பா: அதை இங்க பேச வேணாம் அண்ணி

கார்த்தி: கை வீசம்மா சீனுக்கு முன்னாடி நிறுத்திடலாமா

ரவி சித்தப்பா: அம்மா விடமாட்டாங்க. அவங்களுக்கு அதுதான் படமே

விஜயா அத்தை: ரவி, தட்டு நீ கொண்டு போறியா?

ரவி சித்தப்பா: பெரியண்ணனும் வந்தா போறேன்

செல்வி அக்கா: அப்பத்தா சொல்றாங்க, அண்ணன் வந்து உக்காந்தப்புறம்தான் ஆரம்பிக்கணுமாம்

கார்த்தி: அப்ப 7ஆ, 7.30ஆ?

பெரியம்மா: கிரைண்டர்?